டிராபேக் சார்

அந்த ஆளைப் பத்தி நல்லவிதமா நாலு வார்த்தை சொல்லுன்னா எனக்கு வராது. நல்ல வார்த்தை அம்புட்டையும் அவரே மொதலாளிக்காகச் செலவழிச்சுட்டாரு, எனக்கு எங்கன மிச்சம்?

இப்ப நான் சிவகாசியில ஒரு பிரஸ்ஸுல கம்ப்யூட்டர்ல பக்கம் கட்டுற வேலை பாக்குறேன். போன வாரம் ஒரு பள்ளிக்கூட டைரி வந்துச்சு. ஒவ்வொரு பக்கத்து அடியிலயும் பிள்ளைக படிக்கிறதுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை, அதுக்குப் பக்கத்துல அதே அர்த்தத்துல வர்ற வேற வார்த்தைக போடணும். ஒரு பக்கத்துல டிஸ்அட்வான்டேஜ். அதுக்கு நேரா வரிசையா டிராபேக், ஹேண்டிகேப், செட்பேக், ஷார்ட்கமிங், லிமிட்டேஷன், லையபிலிட்டி. பாத்ததும் எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. பக்கத்து சீட்டுப் பொண்ணு, "என்னக்கா, ஸ்பெல்லிங் தப்பா?"ன்னா. "ஸ்பெல்லிங்கெல்லாம் சரியாத்தான் இருக்கு. அதான் வயிறு எரியுது"ன்னேன். அவளுக்கு ஒண்ணும் வெளங்கல.

பிரஸ்ஸுக்கு வர்றதுக்கு முன்னால நான் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸ்ல இருந்தேன். எங்க ஊருப் பக்கம் பட்டாசு செய்யிற இடத்தையே ஆபீஸ்னுதான் சொல்லுவோம். வெடிமருந்து கலக்குறவளும் ஆபீஸுக்குத்தான் போறா, பேனா பிடிக்கிறவனும் ஆபீஸுக்குத்தான் போறான். என் அக்கா அங்கன ரூம்ல பூச்சட்டிக்கு, அதான் புஸ்வாணத்துக்கு, மருந்து அடைப்பா. சாயங்காலம் வேன்ல இருந்து இறங்குறப்ப முழங்கை வரைக்கும் வெள்ளிப் பொடி மின்னும். நான் பிளஸ் டூ முடிச்சுட்டு டைப்பிங் படிச்சிருந்ததால கேட்டுக்குப் பக்கத்துக் கட்டடத்துல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருப்பேன். எனக்கு எதிர் மேசைதான் அவரு மேசை.

வடக்க இருக்கிற வியாபாரிகளுக்குப் போன் போடுறது, அதிகாரிக வந்தா கூடவே நடந்து சுத்திக் காட்டுறது, இங்கிலீஷ்ல எழுத வேண்டியதை எழுதுறது எல்லாம் அவரு பொறுப்பு. அவரு சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். வெள்ளைச் சட்டை, பையில ரெண்டு பேனா, மேல ஒரு துளி மருந்து பட்டிருக்காது. அவருக்குப் பேரு ஒண்ணு இருக்கு, எழுத எனக்குப் பிடிக்கல. ரூம்ல வேலை பாக்குற பொம்பளைக வச்ச பேரு டிராபேக் சார்.

ஏன் அந்தப் பேருன்னா, அந்த மனுசன் வாயில தமிழ்ல ஒரு கெட்டது வந்து நான் கேட்டதில்ல. தப்பு, கேடு, ஆபத்து, நட்டம், இதெல்லாம் அவரு அகராதியிலயே கிடையாது. ஃபேன் சுத்தலைன்னா, "ஃபேன்ல ஒரு சின்ன டிராபேக்"ம்பாரு. வீட்டுல இருந்து வந்த சாம்பார்ல உப்பு இல்லைன்னா, டிபன் பாக்ஸை மோந்து பாத்துட்டு, "உப்புல ஷார்ட்கமிங்"ம்பாரு. மகன் கணக்குல பெயிலாயிட்டான். எல்லாருக்கும் தெரியும். இவரு மட்டும், "மேத்ஸ்ல ஒரு செட்பேக்"னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. வேற ஆளா இருந்தா அந்தப் பயலைப் பெல்ட்டால வெளுத்திருப்பான். இவரு கை நீட்டல, அதையும் சொல்லணும்ல.

டீ வந்துச்சுன்னா பேச்சு வார்த்தைக மேல போயிரும். ரெண்டு விரலைத் தேச்சுக்கிட்டே மோட்டுவளையைப் பாப்பாரு. "எல்லாத்துக்கும் டிஸ்அட்வான்டேஜ்னு ஒரே வார்த்தையைப் போடுறவன், எல்லா வியாதிக்கும் ஒரே மாத்திரை குடுக்கிறவன்ம்மா"ன்னு ஆரம்பிப்பாரு.

"டிஸ்அட்வான்டேஜ்னா அடுத்தவனை வச்சு அளக்கிறது. இங்க மழை பேஞ்சு மருந்து காயல, அடுத்த ஊர்க்காரனுக்கு வெயில் அடிக்குது. அது நமக்கு டிஸ்அட்வான்டேஜ். டிராபேக்னா நல்லதுக்குள்ளயே ஒட்டிக்கிட்டு இருக்கிற கெட்டது. பூச்சட்டி உயரமாப் போகுது, ஆனா புகை ஜாஸ்தி. அந்தப் புகை டிராபேக். இம்புட்டு உயரம் போகும்னு அட்டையில போட்டுட்டு அம்புட்டு போகலைன்னா ஷார்ட்கமிங். போய்க்கிட்டே இருந்தவன் நாலடி பின்னால வந்தா செட்பேக். ஓடுறவன் கால்ல கல்லைக் கட்டுனா ஹேண்டிகேப்."

"லிமிட்டேஷன், சார்?"

"அதுதான்ம்மா தங்கம். லிமிட்டேஷன்ல யாரு மேலயும் பழி வராது. யாரும் செஞ்சது இல்ல அது. சுவரு மாதிரி அது பாட்டுக்கு நிக்கும்."

கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. உள்ளதைச் சொன்னா அந்த டீ நேரத்துக்காகவே நான் காத்துக்கிட்டிருப்பேன். நகைக்கடைக்காரன் மூக்குத்தியை எடுத்து எடுத்து வெல்வெட்டுல வைக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வைப்பாரு. அதை எதுக்கு மேல போத்துறாருன்னு அப்ப நான் பாக்கல.

லையபிலிட்டிக்கு ரெண்டு அர்த்தம் இருக்குன்னு அவருதான் சொன்னாரு. ஒண்ணு, சட்டப்படி நீதான் பொறுப்பு, நீதான் பதில் சொல்லணும்கிறது. இன்னொண்ணு பாரம், கூட வச்சிருந்தா நட்டம்கிறது. ரூம்ல ஒரு பெரியம்மா இருந்தாக. வருசக்கணக்கா பொடியைச் சுவாசிச்சு சுவாசிச்சு, இருமுனா நெஞ்செலும்பு உடைஞ்சிரும் போல இருக்கும். இவரு மொதலாளிகிட்ட மெதுவா, "ஷி ஈஸ் எ லையபிலிட்டி, சார்"னாரு. நான் காதால கேட்டேன். மறுவாரம் அந்தப் பெரியம்மா வீட்டு முன்னால வேன் நிக்காமப் போயிருச்சு. தூக்குவாளியைக் கையில வச்சுக்கிட்டு அவுக ரோட்டுலயே நின்னாகளாம். இருமல் எந்த ஆபீஸ்ல வந்துச்சு, அதுக்கு யாரு லையபிலிட்டின்னு அந்த மொத அர்த்தத்தை ஒருநாளாவது அவரு வாயில எடுத்திருக்கணுமே? எடுக்க மாட்டாரு. வார்த்தைக்கு ரெண்டு பக்கம் இருந்தாலும் ஏழை மேல விழுற பக்கம் மட்டும்தான் அவருக்கு ஞாபகம் வரும்.

செட்பேக் கதை இன்னும் கூத்து. தாயில்பட்டியைச் சுத்தி எந்த ஆபீஸ்ல வெடிச்சாலும் எங்க தெருவுல யாராவது ஒருத்தருக்குச் சொந்தமா இருக்கும். எங்க ஆபீஸ்ல ஏதும் ஆச்சுன்னா வீட்டுக்கு வந்து சொல்றதுக்கு அனுப்புறது இவரைத்தான். வாசல்ல நின்னுக்கிட்டு, "ஒரு சின்ன செட்பேக்"ம்பாரு. அவரு சொல்லி முடிக்கிறதுக்குள்ள உள்ள ஒப்பாரி கேக்கும். இப்படியே கேட்டுக் கேட்டு எங்க தெருவுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் ஒண்ணே ஒண்ணுதான். செட்பேக்னா தீப்பிடிச்சிருச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை நான் குளிக்கப் போயிருந்தேன். என் போன் அடிச்சிருக்கு, அம்மா எடுத்திருக்கா. இவரு, "அம்மா, பெரிய செட்பேக். பொண்ணை உடனே ஆபீஸுக்கு வரச் சொல்லுங்க"ன்னுட்டு வச்சுட்டாரு. அது தீவாளிச் சீசன், ஞாயித்துக்கிழமையும் ரூம்ல வேலை. அக்கா அங்கனதான் இருக்கா. அம்மா போனைப் போட்டுட்டு, "ஏ, செட்பேக்காம்! செட்பேக்காம்!"னு தெருவுல மாரடிச்சுக்கிட்டு ஓடுறா. பின்னாலயே தெருப் பொம்பளைக அம்புட்டுப் பேரும். ஒருத்தி மாவுக் கையோட ஓடுனா. நான் ஈரத்தலையோட பின்னால ஓடுறேன்.

கேட்டுல போய்ப் பாத்தா புகையும் இல்ல, தீயும் இல்ல. வாட்ச்மேன் வேர்க்கடலை தின்னுக்கிட்டிருக்கான். இவரு வெளிய வந்து, "என்னம்மா கூட்டம்? வடக்க ஒரு ஆர்டர் கேன்சல் ஆயிருச்சு, வேற லெட்டர் அடிக்கணும், அதுக்குத்தான் கூப்பிட்டேன்"னாரு.

அம்மாவுக்கு மூச்சு வாங்குது. அப்படியே மண்ணுல உக்காந்துட்டா. உக்காந்தபடியே கேட்டா, "ஏன்யா, ஆர்டர் போனா ஆர்டர் போச்சுன்னு சொல்லு. புள்ள போனா புள்ள போச்சுன்னு சொல்லு. உங்களுக்கு ரெண்டும் ஒண்ணாய்யா?"

அவரு முகம் செத்துப் போச்சு. நெசமாவே வருத்தப்பட்டாரு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். உள்ள போய் ரெண்டு விரலையும் தேச்சாரு. அப்புறம், "அவங்க சொல்றதும் சரிதான்ம்மா. இனிமே ஆர்டர் போனா டவுன்சைடுன்னு சொல்லிருவோம்"னாரு. அட கெரகமே! எங்க அம்மா அம்புட்டுத் தூரம் செருப்பில்லாம ஓடி வந்து கேட்டதுக்கு இவரு கண்டுபிடிச்ச பரிகாரம் இன்னொரு வார்த்தை.

இதெல்லாம்கூடப் போகட்டும். அந்தச் சீசன்ல நடந்ததைத்தான் என்னால விழுங்க முடியல.

அக்கா ரூமுக்கு ரெண்டு வாசல். தீப்பிடிச்சா இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஓடணும்னுதான் ரெண்டு வச்சுக் கட்டுறாக. லோடு ஏத்த லாரி வராததால கெழக்கு வாசல்ல பெட்டியை அடுக்கிட்டாக. நாலு பேரு உக்கார வேண்டிய ரூம்ல அதுக்கு மேல ஆளு. இவரு ரவுண்டு வந்தப்ப அக்கா கேட்டிருக்கா, "சார், கெழக்கு வாசலை அடைச்சு வச்சிருக்காக. பெட்டியை எடுக்கச் சொல்லுங்க சார், பயமா இருக்கு." கூட இருந்தவளுகளும் சேந்து கேட்டிருக்காளுக. இவரு விரலைத் தேச்சுட்டு, "இடத்துல ஒரு லிமிட்டேஷன் இருக்கும்மா. சீசன் முடியட்டும், பாப்போம்"னுட்டுப் போயிட்டாரு.

அக்கா அன்னிக்கு ராத்திரிச் சோறு திங்கிறப்ப கேட்டா, "ஏ புள்ள, லிமிட்டேஷன்னா என்னடி?"

"முடியாதுன்னு அர்த்தம்க்கா."

சோத்துல இருந்து கையை எடுத்துட்டா. "முடியாதுன்னு சொல்லியிருந்தா நாங்க சண்டை போட்டிருப்போம்ல. எந்திரிச்சு வெளிய வந்து உக்காந்திருப்போம்ல. என்னமோ பெருசா சொல்றாரே, எடுத்துருவாக போலன்னு தலையை ஆட்டிட்டு வந்துட்டோமேடி."

நாளைக்கு எல்லாருமாச் சேந்து போர்மேன்கிட்ட கேக்கணும்னு சொல்லிட்டுப் படுத்தா. மறுநாள் கேட்டாளுக. லாரி வரட்டும்னாரு போர்மேன். லாரி வரல. அதுக்கு மறுநாள் மத்தியானம் தீப்பிடிச்சுச்சு.

கெழக்கு வாசலுக்குப் பக்கத்துல உக்காந்திருந்த ரெண்டு பேரு அந்த வாசலுக்குத்தான் ஓடியிருக்காக. அங்கன வழி இல்ல. அவுக வெளிய வரவே இல்ல. அக்கா மேக்க ஓடி விழுந்து எந்திரிச்சு வந்துட்டா. ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்து போச்சு. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

அங்கன அவ படுத்திருக்கிறப்பவே ஊருக்குள்ள ஒரு பேச்சு வந்துருச்சு. அக்கா மருந்தை வேகமா இடிச்சதாலதான் தீ வந்துச்சாம். ஆபீஸ்ல இருந்துதான் கிளப்பி விட்டாக. ஒர்க்கரோட ஷார்ட்கமிங்காம். யாரு வாயில இருந்து பொறந்திருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அந்தப் பேச்சே நெசம்னு ஆயிருச்சுன்னா செத்துப் போனவுக பிள்ளைகளுக்கு ஒண்ணும் கிடைக்காது, அக்காவுக்கும் கிடைக்காது. அதைவிடக் கொடுமை, அந்த ரெண்டு உசுரையும் கொன்னவள்னு என் அக்காவுக்குப் பேரு ஆகிப்போகும். செத்தவுகள்ல ஒருத்தி இவளோட சேந்து வேன்ல போனவ, ஒரே தூக்குல சோறு தின்னவ. அக்காவுக்கு வெந்த கையைவிட அந்தப் பேச்சுத்தான் வலிச்சுச்சு. "நான் இடிக்கலடி, நான் இடிக்கலடி"ன்னு தூக்கத்துல பொலம்புவா.

விசாரிக்க ஒரு அதிகாரி வந்தாரு. வடக்க இருந்து மாத்தலாகி வந்தவரு, தமிழ் தெரியாது. அக்கா சொல்றதை இங்கிலீஷ்ல சொல்ல ஆளு வேணும். ஒத்தாசைக்குன்னு ஆபீஸ்ல இருந்து யாரை அனுப்புனாகன்னு நெனைக்கிறீக? வெள்ளைச் சட்டை, ரெண்டு பேனா. அக்கா கட்டில் தலைமாட்டுல வந்து நின்னாரு. நான் கால்மாட்டுல. நர்ஸம்மா ஒருத்தி பக்கத்துக் கட்டில்ல மருந்து வச்சுக் கட்டிக்கிட்டிருந்தா.

அக்கா ஒவ்வொரு வார்த்தையா சொன்னா. "ரூமுக்கு ரெண்டு வாசல் சார். கெழக்கு வாசல்ல பெட்டியை அடுக்கி அடைச்சு வச்சிருந்தாக. எடுங்க எடுங்கன்னு கேட்டோம். எடுக்கல. அவுக ரெண்டு பேரும் அந்த வாசலுக்குத்தான் ஓடுனாக." சொல்லிட்டு அழுதா. கண்ணைத் துடைக்க முடியாம ரெண்டு கையிலயும் கட்டு, நான் துடைச்சு விட்டேன்.

இவரு தொண்டையைக் கனைச்சுக்கிட்டு அதிகாரிகிட்டச் சொன்னாரு. "ஷி சேஸ், தேர் வாஸ் சம் லிமிட்டேஷன் இன் தி எக்ஸிட்."

அதிகாரி எழுதக் குனிஞ்சாரு.

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாகன்னு கேட்டிருக்கேன். இந்த மனுசன் ரெண்டு பொணத்தை ஒரு வார்த்தைக்குள்ள வச்சு மூடிட்டாரு. எனக்கு எங்க இருந்து வந்துச்சோ, வார்டே திரும்பிப் பாக்கக் கத்திட்டேன். "நோ! நோ லிமிட்டேஷன்! எழுதாதீக சார்! டோர்! டோர் குளோஸ்டு! பாக்ஸ் வச்சு குளோஸ்டு!" அவரு சொல்லச் சொல்ல பக்கம் பக்கமா இங்கிலீஷ் அடிச்சிருக்கேன். அன்னிக்கு நாக்குல வந்தது அம்புட்டுத்தான்.

அதிகாரி பேனாவை நிறுத்திட்டு இவரைப் பாத்தாரு. "குளோஸ்டு? பை ஹூம்?"

யாரு அடைச்சா. ஒரே ஒரு கேள்வி. அதுக்குப் பதில் இவருக்கு நல்லாத் தெரியும். விரலைத் தேச்சாரு, மேல பாத்தாரு. "இட் வாஸ் எ ஸ்லைட் டிராபேக், சார்…"ன்னு இழுத்தாரு.

அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா அந்த வார்த்தை தெரியும்ல, பட்டாசு ரூம்ல வேலை பாத்த எல்லாருக்கும் தெரியும்ல. கட்டுப் போட்ட ரெண்டு கையையும் ஊன்ற முடியாம ஊன்றி எந்திரிக்கப் பாத்தா. "டிராபேக்கா? ஏன் சார், உங்க வாயில கதவுன்னு வராதா?"

நர்ஸம்மா கையில இருந்த பஞ்சை வச்சுட்டு வந்தா. யாரும் அவளைக் கூப்பிடல. அதிகாரியைப் பாத்து நிதானமா சொன்னா. "ஒன் டோர் வாஸ் பிளாக்டு, சார். வித் பாக்ஸஸ். தே ஆஸ்க்டு தி கம்பெனி டு ரிமூவ். நோபடி ரிமூவ்டு." பிளாக்டு. அம்புட்டுதான். அந்த வார்த்தை டைரியில டிஸ்அட்வான்டேஜுக்குப் பக்கத்துல வராது. அதிகாரி நர்ஸம்மாவை அங்கனயே நிறுத்தி வச்சு, அக்காவை மறுபடி மொதல்ல இருந்து சொல்லச் சொல்லி எழுதிக்கிட்டாரு. கேஸ் இன்னும் நடக்குது. ஆனா அன்னிக்கு எழுதுனது எழுதுனதுதான். அதுக்கப்புறம் அக்கா இடிச்சான்னு எவனும் வாயைத் திறக்கல.

நான் வராந்தாவுக்கு வந்தேன். பின்னாலயே அவரும் வந்தாரு. கர்ச்சீப்பால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, "நீ அப்படிக் கத்தியிருக்கக் கூடாதும்மா. மேனேஜ்மென்ட் இனிமே உன்னை ஒரு லையபிலிட்டியா…"ன்னாரு.

"வேலை போச்சுன்னு சொல்லுங்க சார். சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

பெஞ்சுல உக்காந்துட்டாரு. அப்புறம் சொன்னாரு, "நான் கெட்டவன் இல்லம்மா. எங்கம்மாவும் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்தவங்கதான். மருந்து தெறிச்சு ஒரு கண்ணு போச்சு. ஊர்ல ஒத்தக்கண்ணின்னுதான் கூப்பிடுவாங்க. நான் ஒத்தக்கண்ணி மகன். பள்ளிக்கூடத்துல, கடையில, எங்க போனாலும். ஒருநாள் இங்கிலீஷ் பாடத்துல ஹேண்டிகேப்னு ஒரு வார்த்தை படிச்சேன். மறுநாள் ஒருத்தன் கேலி பண்ணுனப்ப, எங்கம்மாவுக்கு ஹேண்டிகேப்னு சொன்னேன். அவன் சிரிக்கல. எவனுமே சிரிக்கலம்மா. அன்னையில இருந்துதான்…" கர்ச்சீப்பை மடிச்சுப் பையில வச்சாரு.

இந்த மனுசன் மேல அம்புட்டுக் கோவத்துல இருந்த எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. பெத்தவளை நாலு பேரு கேலி பண்ணாம இருக்க ஒரு துணி கிடைச்சா எந்தப் புள்ளைதான் எடுத்துப் போத்தாது? ஆனா உள்ள அக்காவுக்குக் கட்டைப் பிரிக்க ஆரம்பிச்சிட்டாக. "அம்மா… அம்மா…"ன்னு அவ கத்துறது வராந்தா முழுக்கக் கேக்குது. கலங்குன கண்ணு அப்படியே காஞ்சு போச்சு.

"கண்ணு எந்த ஆபீஸ்ல சார் போச்சு?"

"அது… சாத்தூர் ரோட்டுல ஏதோ ஒண்ணு."

"யாரோட ஆபீஸ்? மருந்து எப்படித் தெறிச்சுச்சு? யாரு பாத்துக்கிட்டிருந்தா? கண்ணுக்குப் பதில் சொன்னாகளா, இல்ல மறுநாள் வேற ஆளை உக்கார வச்சுட்டாகளா?"

அவரு என்னைப் பாத்தாரு. சின்னப் பிள்ளை கணக்கா, "நான் கேட்டதே இல்லையேம்மா"ன்னாரு.

"உங்கம்மா இருக்காகளா?"

"இருக்காங்க. ஊர்லதான்."

"அப்ப இங்க எதுக்கு உக்காந்திருக்கீக? எந்திரிச்சுப் போய் அவுககிட்டக் கேளுங்க சார். தமிழ்ல கேளுங்க."

உள்ள அக்கா என்னைக் கூப்பிட்டா. நான் போயிட்டேன்.